பூட்டும் சாவியும்: கணிப்பொறி கற்போர்க்கு



தலைநகரில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நாம், 'ஹேக்கிங்' என்னும் சொல்லுக்குத் தமிழ் தேடித் தயங்கியதுண்டு. 'ஊடுருவல்' என்றால் குற்றம் மட்டுமே புலப்படுகிறது. அதன் அடியிலுள்ள அறிவு மறைந்துவிடுகிறது.

1988 நவம்பர் 2 அன்று, அமெரிக்காவில் ராபர்ட் மோரிஸ் என்னும் மாணவர் தாம் எழுதிய நிரலொன்றை வலையமைப்பில் விடுத்தார். அது புகுந்த வழிகளுள் ஒன்றை நோக்குவோம். அங்கிருந்த ஒரு நிரல், வரும் செய்திக்கு 512 எழுத்தளவே இடம் ஒதுக்கியிருந்தது; வருவதை அளந்து பார்க்கவில்லை. ஆழாக்கில் மரக்கால் அரிசியைக் கொட்டினால் சிந்தாதோ? சிந்திய எழுத்துகளால் நிரலின் போக்கு திரிந்து, வந்த செய்தியையே பொறி கட்டளையாக ஏற்றது. ஏறத்தாழ 6,000 பொறிகள் பாதிக்கப்பட்டன என்று அன்று மதிப்பிட்டனர். 1990-இல் நீதிமன்றம் அவருக்கு அபராதமும் 400 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தது.

ஆதலின், தொடக்க மாணவர் முதலில் கற்க வேண்டியது பூட்டை உடைப்பதன்று. அளந்து ஏற்கும் நிரலை எழுதுவதே. பைத்தான் மொழியில், வயதைக் கேட்கும் சிறு நிரல் ஒன்று எழுதலாம். எண்ணுக்குப் பதிலாகப் பெயரை இட்டு, அது எங்கே இடறுகிறதென்று காணலாம். சோதனை சொந்தப் பொறியோடு நிற்கட்டும். வஞ்சக நோக்குடன் பிறர் பொறியில் இசைவின்றிப் புகுவோர்க்கு, நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது.

வந்த ஊரின் மொழியைப் பிழை செய்தே கற்றவர்கள் நாம். நிரல்மொழியும் அவ்வாறே வசப்படும். திரைமுன் அமர்ந்த பிள்ளையை அதட்டாமல், "இது எப்படி இயங்குகிறது?" என்று அருகமர்ந்து கேட்போமாக.