பார்க்கிறவங்களை யார் பார்க்கிறது?

தெருமுனை கேமரா நம்மைப் பார்க்குது. அதை மாட்டினவங்களை நாம பார்க்க முடியுதா? என் கேள்வி இதுதான்.

2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒருமனதா சொன்னாங்க. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுல, நாட்டுப் பாதுகாப்புன்னு சொல்லி மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்கலாம்.

அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்துது. பொதுநலன் இருந்தா தனிப்பட்ட தகவலையும் தரலாம்னு 8(1)(ஜே) பிரிவுல இருந்த பகுதி போயிடுச்சு. 8(2) பிரிவுல மட்டும் ஒரு வழி மிச்சம்.

அந்தரங்கம் குடிமக்களுக்கு, வெளிப்படைத்தன்மை அதிகாரத்துக்கு. அதுதான் நியாயம். இங்கே தலைகீழா போகுது.

நான் சொல்றது ஒண்ணுதான். கேமரா பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் யார் பார்க்கலாம்னு மனு போட்டுக் கேளுங்க. அந்தப் பதில்ல யாரோட அந்தரங்கமும் இல்லை.