நோயாளி சொல்லும் சொல்லே முதல் ஆராய்ச்சி

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இதுபோன்ற விழாக்களில் பேச வருகிறவர்கள், "நன்றாகப் படியுங்கள், பெரிய டாக்டராக வாருங்கள்" என்று வாழ்த்திவிட்டு அமர்வது வழக்கம். நானும் அப்படி வாழ்த்தத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், ஒரு புதிய நோயை டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை ஓர் உண்மை வரலாற்றைக் கொண்டு சொல்ல ஆசைப்படுகிறேன். வெளிநாட்டுக் கதை அல்ல. நம் நாட்டிலேயே, கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது.

"ஆராய்ச்சி எல்லாம் படித்தவங்க சமாச்சாரம், நமக்கென்னங்க?" என்று பின்வரிசையில் யாராவது நினைக்கலாம். அப்படி நினைக்காதீங்க. பண்ணையில் கூலி வேலை பார்த்தவரும் அவர் வீட்டாரும் சொன்ன சொல் இல்லாவிட்டால் அந்த ஆராய்ச்சியே நடந்திருக்காது. அதைக் காட்டத்தான் இன்று பேசுகிறேன்.

பன்றியோடு லாரி ஏறிய நோய்

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசியில், ஈப்போவுக்கு அருகே கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் காய்ச்சல், தலைவலி. பிறகு தலைசுற்றல், வாந்தி. சில நாட்களில் பலருக்கு நினைவு தப்பியது. சிலர் மீண்டும் கண் திறக்கவே இல்லை.

அந்த வட்டாரத்துப் பன்றிகளை லாரியில் ஏற்றி வேறு ஊர்களுக்கு விற்றார்கள். பன்றிகளோடு நோயும் லாரி ஏறிப் போயிற்று. 1999 தொடக்கத்தில் நெகிரி செம்பிலானில் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் என்ற ஊர்களில் வீடு வீடாக ஆட்கள் சாய்ந்தார்கள். மார்ச் மாதம் சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேருக்கு நோய் கண்டு ஒருவர் இறந்தார். நம் நாட்டில் மட்டும் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் சீனப் பண்ணையாளர்கள். அங்கே கூலிக்குப் போன நம்மவர்களும் அதில் உண்டு.

இது என்ன நோய்? ஆரம்பத்தில் எல்லோரும் சொன்ன பதில், "ஜப்பானிய மூளைக் காய்ச்சல்" என்பது. அந்தப் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் காய்ச்சல் நம் நாட்டுக்குப் பழையது. அதன் கிருமி பன்றியின் உடலில் பெருகி, கொசு வழியாக மனிதனுக்கு வரும். சில நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான் காட்டியது. ஆகவே ஊரெங்கும் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். புகை அடித்தும் ஊசி போட்டும் சாவு நிற்கவில்லை.

ஒட்டாத நான்கு செய்திகள்

மாணவச் செல்வங்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். கணக்குப் போடுகிறோம், விடையும் வருகிறது, ஆனால் சரிபார்த்தால் ஒட்டவில்லை. அப்போது என்ன செய்வோம்? அழித்துவிட்டு மறுபடி போடுவோம் இல்லையா? இங்கேயும் நான்கு செய்திகள் ஒட்டவில்லை.

முதலாவது, ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ திடகாத்திரமான ஆண்பிள்ளைகள், குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்டவர்கள். இரண்டாவது, பன்றியோடு நெருங்கிப் புழங்கியவர்களுக்கே நோய் வந்தது. பன்றியைத் தொடாத அக்கம்பக்கத்தாருக்கு அது அபூர்வம். கொசு என்ன, தொழில் கேட்டா கடிக்கும்? மூன்றாவது, தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். நான்காவது, பன்றிகளே உரக்க இருமி, மூச்சுத் திணறிச் செத்தன. ஜப்பானியக் காய்ச்சலில் பன்றி அப்படி இருமிச் சாவதில்லை.

இந்த நான்கையும் முதலில் கண்ணால் பார்த்தவர்கள் யார்? பண்ணையில் தீவனம் போட்டவர்கள், குட்டிக்கு ஊசி பிடித்தவர்கள், கொட்டில் கழுவியவர்கள். ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.

ஆராய்ச்சிக் கூடத்தில்

1999 மார்ச் தொடக்கத்தில், நோயாளிகளின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அங்கே பேராசிரியர் லாம் சாய் கிட் தலைமையில் இருந்த நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுவா காவ் பிங் பணி செய்துகொண்டிருந்தார். வைரஸ் கிருமி தனியாக வளராது. உயிருள்ள அணுவுக்குள் புகுந்துதான் பெருகும். ஆகவே கண்ணாடிக் குடுவையில் வளர்த்த அணுக்களின் மேல் அந்த நீரை விட்டு, நாள்தோறும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சில நாட்களில் அணுக்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய பெரிய திட்டுகளாக மாறின. ஜப்பானியக் காய்ச்சல் கிருமி அப்படிச் செய்வதில்லை.

டாக்டர் சுவா அந்த மாதிரிகளைப் பத்திரமாகப் பொதிந்து எடுத்துக்கொண்டு விமானத்தில் அமெரிக்கா போனார். அங்கே எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, இது வேறு குடும்பத்துக் கிருமி என்று தெரிந்தது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி ஆகியவற்றின் கிருமிகளுக்குத் தூரத்து உறவு. 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா கிருமிக்கு நெருங்கிய உறவு. உலகம் அதுவரை அறியாத கிருமி! நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரையே வைத்து "நிப்பா வைரஸ்" என்று அழைத்தார்கள்.

பன்றிதான் நேராகத் தருகிறது என்று உறுதியானதும் காப்பு முறையும் தெளிவாயிற்று. கையுறை, முகமூடி இல்லாமல் பன்றியை நெருங்கக்கூடாது; ஊர்விட்டு ஊர் பன்றி ஏற்றக்கூடாது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பண்ணை வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. ஆனால் 1999 நடுப்பகுதிக்குள் நோய் அடங்கியது.

முதல் காய்ச்சலுக்கும் கிருமி பிடிபட்டதற்கும் இடையில் ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த மாதங்களின் விலை மனித உயிர். யாரையும் பழிக்க இதைச் சொல்லவில்லை. ஒட்டாத செய்தியை ஒருவர் எடுத்துச் சொல்வதும், மற்றவர் காதுகொடுத்துக் கேட்பதும் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கட்டிலருகே நடந்த ஆராய்ச்சி

ஆராய்ச்சி என்றால் குடுவையும் மைக்ராஸ்கோப்பும் மட்டுமல்ல. அதே பல்கலைக்கழக மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர்களான டாக்டர் கோ கியன் ஜின், பேராசிரியர் தான் சோங் தின் ஆகியோரும் அவர்கள் குழுவினரும், 1999 பிப்ரவரி முதல் ஜூன் வரை வந்த 94 நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்து எழுதினார்கள். என்ன வயது? என்ன வேலை? பன்றியைக் கடைசியாக எப்போது தொட்டார்? நினைவிழந்து கிடப்பவர் எப்படிப் பதில் சொல்வார்? மனைவியையும் பிள்ளையையும்தான் கேட்க வேண்டும்.

கூட்டிப் பார்த்தபோது, நூற்றுக்கு 93 பேர் பன்றியை நேராகத் தொட்டுப் புழங்கியவர்கள். அந்த 94 பேரில் 50 பேர் முழுக்கக் குணமானார்கள், 30 பேர் இறந்தார்கள், 14 பேருக்கு நரம்புக் கோளாறு நிலைத்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் இது வெளிவந்து உலகம் முழுவதும் படிக்கப்பட்டது.

மருந்து விஷயத்தில் அவர்கள் காட்டிய நேர்மையையும் சொல்ல வேண்டும். ரிபாவிரின் என்ற மருந்தை 140 பேருக்குக் கொடுத்தார்கள். 45 பேர் இறந்தார்கள். கொடுக்கப்படாத 54 பேரில் 29 பேர் இறந்தார்கள். நல்ல வித்தியாசம்தானே? ஆனாலும் "மருந்து கண்டுபிடித்துவிட்டோம்" என்று யாரும் பறை அடிக்கவில்லை. இரண்டு கூட்டத்தாரையும் சீட்டுப் போட்டுப் பிரித்ததில்லை என்பதால், முடிவு உறுதியல்ல என்றார்கள். பிற்பாடு விலங்குகளிடம் நடந்த சோதனைகளிலும் அந்த மருந்து கைகொடுக்கவில்லை. "ஒரே பாட்டிலில் எல்லா நோயும் தீரும்" என்று சந்தையில் விற்கிறவர் பேச்சையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க, எது விஞ்ஞானம் என்று தெரியும்.

பன்றிக்கு எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவால், மலாயில் கெலுவாங் என்கிறார்களே, அதிலிருந்து. தியோமான் தீவு வௌவால்களின் சிறுநீரிலிருந்தும், அவை கடித்துப் போட்ட பழத்திலிருந்தும் டாக்டர் சுவா குழுவினர் கிருமியை எடுத்துக் காட்டினார்கள். கிந்தா பண்ணைகளில் கொட்டிலை ஒட்டியே மாமரம் போன்ற பழமரங்கள் நின்றன. வௌவால் தின்று போட்ட மிச்சம் பன்றித் தொட்டியில் விழுந்திருக்க வேண்டும். அதற்காக வௌவாலைக் கொன்றுவிடலாமா? கூடாது. பாலிக் புலாவில் நாம் ஆசையோடு வாங்கும் டுரியான் காய்ப்பதற்குப் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோவதே வௌவால் இனங்கள்தான். மரத்தையும் கொட்டிலையும் தள்ளி வைத்தாலே போதும்.

நம் நாட்டில் 1999-க்குப் பிறகு நிப்பா மீண்டும் பரவவில்லை. ஆனால் 2001 முதல் வங்காளதேசத்திலும், 2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் தலைகாட்டியது. அங்கே மனிதரிடமிருந்து மனிதருக்கும் பரவியது. நோயாளியைக் கவனித்த லினி என்ற தாதி தம் உயிரையே கொடுத்தார். தடுப்பூசிக்கான முயற்சி நடக்கிறது. ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தார் 2024 ஜனவரியில் மனிதரிடம் முதற்கட்டச் சோதனையைத் தொடங்கினார்கள். அதற்கெல்லாம் தொடக்கம் நம் நாட்டு மருத்துவமனையில் எடுத்த அந்தக் கிருமிதான்.

இத்தகைய துணிவு நம் பினாங்குக்குப் புதிதல்ல. 1879-இல் இங்கே பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த டாக்டர் வூ லியன் தே, 1910-இல் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது அங்கே போனார். எலியும் தெள்ளுப்பூச்சியுமே காரணம் என்று மற்றவர்கள் நம்பியிருக்க, "இது மூச்சுக் காற்றில் பரவுகிறது, முகத்தில் துணிக்கவசம் கட்டுங்கள்" என்றார். கவசம் அணிய மறுத்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாட்களிலேயே அந்நோயில் இறந்தார். நம் காலத்தில் எல்லோரும் முகக்கவசம் கட்டியபோது அவர் பெயர் மீண்டும் பேசப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது

பாட்டாளிப் பெருமக்களே, தாய்மார்களே! டாக்டரிடம் போனால் "காய்ச்சல், மாத்திரை குடுங்க" என்று மட்டும் சொல்லாதீங்க. என்ன வேலை செய்கிறீர்கள், எதைத் தொட்டீர்கள், எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள் என்று சொல்லுங்க. செம்பனைக் காட்டில் எலிச் சிறுநீர் கலந்த ஈரத்தில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். பார்வைக்கு அது டெங்கி போலவே இருக்கும். "செம்பனைக் காட்டில் வேலை" என்ற இரண்டு மூன்று சொல், டாக்டரைச் சரியான பரிசோதனைக்குக் கொண்டுபோய்விடும். அவர் கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லுங்க. ஒரே வீட்டில், ஒரே லயத்தில் இரண்டு மூன்று பேர் விழுந்தால் அதையும் சொல்லுங்க. நோயுற்ற, செத்த விலங்கை வெறுங்கையால் தொடாதீங்க. வௌவால் கடித்த பழத்தைப் பிள்ளைகள் எடுக்க விடாதீங்க.

மாணவச் செல்வங்களே! உங்களில் பலர் பாட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டருக்கு மலாயில் எடுத்துச் சொல்கிறீர்கள். பாட்டி பத்து வாக்கியம் சொன்னால் பத்தையும் சொல்லுங்கள்; "காய்ச்சலாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். நீங்கள் விட்டுவிடும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நோயின் பெயர் இருக்கலாம். மூன்று மொழி படிப்பதன் பயன் சோதனைத் தாளில் மட்டும் இல்லை, பாட்டியின் கட்டிலருகிலும் இருக்கிறது.

இன்று மேடையேறுகிறவர்கள் சரியான விடை எழுதியதற்காகப் பரிசு வாங்குகிறார்கள். மனமாரப் பாராட்டுகிறேன். பரிசு கிடைக்காத பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: "ஏன் சார் இது ஒட்டவில்லை?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை எந்த வகுப்பிலும் கடைசிப் பிள்ளை அல்ல. பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை அப்படிக் கேட்கும்போது "வாயை மூடு" என்று அடக்கிவிடாதீர்கள். இந்தப் பள்ளியிலிருந்து நாளை ஒரு பிள்ளை பல்கலைக்கழக மருத்துவமனையில் வெள்ளைச் சட்டை போட்டு நிற்க வேண்டும்; தோட்டத்து ஆள் பேசும்போது அவர் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். அதுவே என் வாழ்த்து.