அத்தை மகளும் சித்தப்பா மகளும்



'வலி', 'வழி' என்று நான் சொன்னால் உங்கள் காது உடனே இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. மாறியது ஒரே ஓர் ஒலி. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பகரமும் மகரத்தை அடுத்து வரும் பகரமும் ஒலிப்பில் வேறு வேறு. ஆனால் நாம் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. இந்திக்காரர் பொருட்படுத்துவார், அவர் மொழியில் அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். ஓர் ஒலிக்குத் தனியாக மதிப்பில்லை, அந்த மொழியின் மற்ற ஒலிகளோடு அதற்குள்ள உறவில்தான் மதிப்பு. அமைப்பியல் என்னும் சிந்தனை முறையின் வேர் இந்த எண்ணம்தான்.

இதற்கு வித்திட்டவர் ஜெனீவாவில் பேராசிரியராக இருந்த சசூர். 1916இல் அவர் பெயரில் வந்த புகழ்பெற்ற நூலை அவர் எழுதவில்லை. 1913இல் அவர் இறந்த பிறகு, மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளை வைத்து உடன் பணியாற்றியவர்கள் உருவாக்கியது அது.

மொழியியலுக்குள் இருந்த இந்தப் பார்வை மானிடவியலுக்கு வந்ததில் போருக்கும் பங்குண்டு. இரண்டாம் உலகப்போரின்போது நியூயார்க்கில் அடைக்கலம் புகுந்தவர்களில் மொழியியலாளர் யாக்கப்சனும் மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸும் இருந்தார்கள். யாக்கப்சன் ஒலிகளை ஆராயும் முறையில் உறவுமுறைகளையும் ஆராயலாமே என்று லெவி-ஸ்ட்ராஸுக்குத் தோன்றியது. உறவுமுறை பற்றிய அவருடைய பெரிய நூல் 1949இல் வந்தது.

நம் வீட்டையே எடுத்துக்கொள்வோமே. அத்தை மகளும் சித்தப்பா மகளும் இரத்தத்தில் ஒரே தூரம். ஆனால் நம்மில் பல சமூகங்களில் ஒருத்தி முறைப்பெண், இன்னொருத்தி தங்கை. இந்தக் கோட்டை இயற்கை போடவில்லை. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி துமோன் இதைக் கூர்ந்து கவனித்தார். தாய்மாமனை அம்மாவின் அண்ணன் தம்பியாக மட்டும் பார்க்காதீர்கள், அவர் அப்பாவுக்கு மைத்துனர் என்றார். சம்பந்த உறவும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது என்பது அவர் வாதம்.

இந்தப் பார்வையில் ஒரு குறை உண்டு. முறைப்பெண்ணுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அமைப்பியலின் வரைபடம் சொல்லாது. வழக்கம் ஏன் மாறுகிறது என்பதற்கும் அதனிடம் நல்ல பதில் இல்லை. வரலாற்றையும் தனிமனிதரையும் விட்டுவிட்டது என்று பின்வந்தவர்கள் சாடியது நியாயம்தான்.

ஆனாலும் ஒன்று. இன்று சொந்தத்தில் பெண் எடுக்காத குடும்பங்கள் பெருகிவிட்டன. ஊர் பேர் தெரியாத இருவர் காதலித்து மணந்தாலும், மறுநாளே மாமனார் 'மாமா' ஆகிறார், மாமியார் 'அத்தை' ஆகிறார்.