சாடியில் ஒரு தோட்டம்



2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டஞ் செய்வதற்கென அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை இணங்கியது. நாள் கிடைத்தது, கொழும்பிலே தொடர்மாடியில் வாழ்வோர்க்கு நிலம் எங்கே?

பழைய வாளி போதும். தக்காளிக்கு 20 லீற்றர் வாளி. மிளகாய்க்கு 10 லீற்றர். அடியில் துளைகள் வேண்டும். நீர் தேங்கினால் வேர் மூச்சின்றி அழுகும். மண்ணுடன் கூட்டெரு கலந்து, வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

ஒருநாள் மறந்து, மறுநாள் வாரி ஊற்றினால் காயின் அடி கறுக்கும். பூச்சியென எண்ணி மருந்தடித்து நானும் ஏமாந்தேன். ஒழுங்கற்ற நீரினால் சுண்ணாம்புச் சத்துக் காயைச் சேராமையே காரணம்.

நிலத்துச் செடி சிலநாள் பொறுக்கும். சாடிச் செடி எம்மையே நம்பி நிற்கிறது. அடுத்த நெருக்கடிவரை காத்திராது, இன்றே ஒரு வாளி வைப்போம்.