பார்த்தார்கள், கேட்டார்களா?



படம் முடிந்து இப்போதுதான் அரங்கில் விளக்கு எரிந்தது. உங்களில் பலர் இன்னும் இருக்கையை விட்டு அசையவில்லை. 1995-இல் பிரான்சில் வந்த இந்தப் படத்தின் பெயர் 'லா ஹெய்ன்'. வெறுப்பு என்று பொருள். போலீசைப் பழிக்கும் படம் என்று அன்று பெரும் கண்டனம் எழுந்தது. கான் திரைப்பட விழாவில் படக்குழு வந்தபோது, காவலுக்கு நின்ற போலீசார் முதுகைக் காட்டி நின்றார்கள். அதே விழா, 27 வயது மாத்தியூ காசோவிட்ஸுக்குச் சிறந்த இயக்குநர் விருதைக் கொடுத்தது.

ஒருதலைப்பட்சமான படமா இது? யோசித்துப் பாருங்கள். கதையின் மூன்று நண்பர்களில் ஒருவனான உபேர் பாடுபட்டு உருவாக்கிய குத்துச்சண்டைக் கூடம் கலவரத்தில் சாம்பலாகிறது. கொளுத்தியது போலீஸா? இல்லை, அவன் குடியிருப்பில் மூண்ட கலவரம். பிள்ளைகளை உட்காரவைத்து வதைக்கும் காவல் நிலையத்திலும், பார்க்கச் சகியாமல் தலையசைக்கிற புதிய போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார். போலீஸ் தாக்கியதில் சாகக்கிடக்கும் நண்பன் செத்தால் போலீஸ்காரன் ஒருவனைக் கொல்வேன் என்று சூளுரைத்த இரண்டாமவன் வின்ஸ், எதிரி ஒருவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றபோது சுட முடியாமல் நடுங்குகிறான். துப்பாக்கியை உபேரிடம் கொடுத்துவிடுகிறான். அதன் பிறகுதான், நண்பர்களே, அவன் உயிர் போகிறது.

இந்தக் கதை காற்றில் பிறக்கவில்லை. 1993-இல் பாரிஸ் காவல் நிலையம் ஒன்றில், விசாரணையின்போது, 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்து இறந்தான். காலையில் கண்விழித்த பிள்ளை இப்படிச் சாவது எப்படி? அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தப் படம் எழுந்தது.

பிரதமர் அலன் ஜுப்பே தம் அமைச்சர்களுக்கு இதைத் திரையிடச் செய்தார். ஆட்சியே பார்த்தது. பத்து ஆண்டுகள் கழிந்தன. 2005-இல், பாரிஸ் புறநகரில் போலீசுக்குப் பயந்து மின் துணைநிலையத்துக்குள் ஒளிந்த இரு பிள்ளைகள் மின்சாரம் தாக்கி மாண்டார்கள். ஒருவனுக்கு 17 வயது, மற்றவனுக்கு 15. மூன்று வாரம் தெருக்கள் எரிந்தன. அவசரநிலை வந்தது. 2023-இல் நாந்தேரில், வாகனச் சோதனையில், மீண்டும் ஒரு குண்டு, மீண்டும் ஒரு 17 வயது, மீண்டும் தீ.

கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். உபேரும் ஒரு போலீஸ்காரரும் ஒருவர் நெற்றிக்கு ஒருவர் துப்பாக்கி நீட்டி நிற்கிறார்கள். கேமரா அவர்களை விட்டு மூன்றாவது நண்பன் சயீத்தின் முகத்துக்கு வருகிறது. அவன் கண்ணை இறுக மூடுகிறான். வெடிச்சத்தம். சுட்டது யார், செத்தது யார், நமக்குத் தெரியாது. அதுவரை பார்க்கவைத்த இயக்குநர், அந்த நொடியில் நம்மைக் கேட்க மட்டும் வைக்கிறார்.

துப்பாக்கிச் சத்தம் எல்லோர் காதிலும் விழும். ஆனால், மொட்டைமாடியிலும், கடைசி ரயிலைத் தவறவிட்ட பாரிஸ் தெருக்களிலும், அந்த மூன்று பிள்ளைகள் விடிய விடியப் பேசிக்கொண்டே இருந்தார்களே! அந்தப் பேச்சு யார் காதில் விழுந்தது? அதைக் கேட்க ஆள் இருந்திருந்தால், இந்தச் சத்தத்தை நாம் கேட்க நேர்ந்திருக்காது.