முந்நீர் கடந்த பெண்கள்



கடல் என்ற சொல்லைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நம் மேடைகளில் கடல் என்றதும் 1025இல் இராசேந்திர சோழன் கடாரத்துக்கு அனுப்பிய கப்பற்படை வந்துவிடும். பெருமைதான். மலேசியாவின் புக்கிட் ரோத்தான்காரர்களாகிய நமக்கு அதைவிட நெருக்கமானது, டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் கப்பல்.

தமிழில் கடலுக்குப் பெயர் ஏராளம். ஆழத்தால் ஆழி, பரப்பால் பரவை, இரைச்சலால் ஆர்கலி. முந்நீர் என்பதற்கு ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் சேர்ந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. கோலசிலாங்கூரில் ஆறு போய்க் கடலில் விழும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

இந்த முந்நீரைப் பற்றித் தொல்காப்பியம் பொருளதிகாரம் ஒரு வழக்கம் சொல்கிறது: கடற்பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துப் போவதில்லை. உரைகாரர்களில் சிலர் அப்படிப் பொருள் கொள்கிறார்கள். பழைய அந்த வழக்கத்தை ஆயிரக்கணக்கில் மீறியவர்கள் நம் பாட்டிமார். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வடஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டும் கங்காணி பின்னால் கிளம்பியவர்கள். ஏரி வெட்டி ஊருக்குச் சமுத்திரம் என்று பெயர் வைக்கிற நாடு அது. அவர்களில் பலருக்கு அதுவரை தெரிந்த பெரிய தண்ணீர் ஊர் ஏரிதான். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாமில் காத்துக்கிடந்து, ஏறக்குறைய ஒரு வாரம் அலையில் ஆடி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ நோய்த்தடுப்பு முகாமைத் தாண்டித்தான் தோட்டத்து லயக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. வயிற்றில் பிள்ளையோடு வந்தவர்களும் உண்டு.

கூலியாட்களைப் பயண உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. போக்குவரத்து நிற்கவில்லை. 1926இல் கட்டிய ரஜுலா கப்பல் 1970கள் வரை ஓடியது. "ரஜுலாவுல வந்தவங்க" என்று சொன்னாலே தோட்டத்தில் புரியும். அதன் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது.

புலவர்கள் கரையில் நின்று கடலுக்குச் சூட்டிய பெயர்கள் நிகண்டுகளில் பத்திரமாக இருக்கின்றன. நடுக்கடலில் வாந்தியெடுத்துக் கிடந்த பெண் அதை என்ன சொல்லி அழைத்தாள் என்பது எந்த நிகண்டிலும் இல்லை. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. கரையிறங்கிய பின்பும் இங்கிருந்து கடல் எட்டும் தூரம்தான். விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கும் ரப்பர்ப் பால் மரத்துக்கும் நடுவே அதைப் போய்ப் பார்த்துப் பேச அந்தப் பெண்களுக்கு ஏது நேரம்?

சிறுவயதில் கப்பலேறி வந்த அம்மாமார் சிலராவது இந்த வட்டாரத்தில் இன்னும் இருப்பார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்து அவர்களிடம் அனுப்புவோம். டெக்கில் எங்கே படுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், கரை மறைந்தபோது உங்கள் அம்மா என்ன சொன்னார் என்று கேட்கட்டும். பேச்சைத் திருத்தாமல், அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு நம் சங்க மலரில் முதல் பக்கங்களை அதற்கு ஒதுக்கும்படி சங்கச் செயலவையைக் கேட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு நான் மண்டபத்தில்தான் இருப்பேன். கப்பலில் வந்தவர்கள் இருந்தால், இன்றைக்கே தொடங்கிவிடலாம்.