பாட்டில் ஏன் பழுப்பு?

(நம் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில், வேதியியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும் சார். பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்றார். "எனக்கு உருப்படியாகத் தெரிந்தது பீர் ஒன்றுதான்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தலைப்பை மட்டும் வேற மாதிரி போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டார். அதனால்தான் அழைப்பிதழில் "பாட்டில் ஏன் பழுப்பு?" என்று போட்டிருக்கிறது.

பயப்பட வேண்டாம். நான் யாரையும் குடிக்கச் சொல்லி வரவில்லை. எனக்கே அந்தப் பழக்கம் கிடையாது. ருசி பார்த்துத் துப்புவது என் உத்தியோகமாக இருந்தது, அவ்வளவுதான். 1981இல் இங்கே பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, இரண்டு வருஷம் அலைந்து, ஊருக்கு வெளியே ஒரு பீர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீடு கபாலி கோவில் குளத்துக்குப் பக்கத்தில். எனக்குப் பெண் பார்க்கும்போது என் அம்மா, "பையன் பானங்கள் தயாரிக்கிற கம்பெனியில இருக்கான்" என்றுதான் சொல்வாள். "என்ன பானம்?" என்று கேட்டால், "பார்லித் தண்ணி" என்பாள். ஒரு விதத்தில் அது பொய்யும் இல்லை.

நம் லேபுக்கு வருவோம். சில்வர் நைட்ரேட் எந்த பாட்டிலில் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? பழுப்பு பாட்டிலில். அதை அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார் நம் அட்டெண்டர். எடுத்துக் கொடுக்கும்போதே, "தம்பி, வேலை முடிஞ்சா உடனே கொண்டா, ஜன்னல் கிட்ட வைக்காதே" என்பார். ஏன் என்று நான் மூன்று வருஷமும் கேட்டதில்லை. வெளிச்சம் பட்டால் சில்வர் உப்பு கறுக்கும் என்று தேர்வில் எழுதி மார்க் வாங்கிக்கொண்டதோடு சரி. அதை நான் நிஜமாகவே படித்தது பிற்பாடு ஒரு மனிதர் வயிற்றில் அடித்த பிறகுதான். இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான்.

1985 மே மாதம். உங்களுக்குத்தான் தெரியுமே, கோடையில்தான் பீர் வியாபாரம். அப்போது பெரும்பாலும் திரும்பி வந்த காலி பாட்டில்களைக் கழுவித்தான் மறுபடி நிரப்புவோம். மந்தைவெளித் தெருக்களில் "காலி பாட்டில், பழைய பேப்பர்" என்று கூவிக்கொண்டு போவார்களே, அவர்கள் வாங்கிப்போகும் பாட்டில்கள் கை மாறி எங்களைப் போன்ற ஆலைகளுக்குத்தான் வரும். அந்த மாதம் பழுப்பு பாட்டில் தட்டுப்பாடு. மேலிடத்தில் பச்சை பாட்டில்கள் ஒரு லாட் வாங்கிப் போட்டார்கள். "பாட்டில் எந்தக் கலரா இருந்தா என்ன, உள்ளே இருக்கிறது ஒண்ணுதானே" என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பத்து நாளில் கடைகளிலிருந்து புகார். திறந்தால் நாற்றம். அழுகின பூண்டும் கருகின ரப்பரும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. அமிலத்தன்மை பார்த்தேன், சரியாக இருந்தது. வாயு அளவு சரி. கிருமி வளர்த்துப் பார்த்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. ஆலையில் வைத்திருந்த மாதிரி பாட்டில்களை முகர்ந்தால் சுத்தமாக இருந்தது. மானேஜருக்கு மறுநாள் காலைக்குள் ரிப்போர்ட் வேண்டும். எனக்கு 25 வயது. காரணம் தெரியவில்லை என்று எழுத வெட்கமாக இருந்தது. "பாட்டில் கழுவும் பகுதியில் கவனக்குறைவு இருக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் எழுதியது "இருக்கலாம்". அது மானேஜர் மேஜைக்குப் போய்த் திரும்பும்போது "இருக்கிறது" ஆகிவிட்டது. கழுவும் பகுதியில் இருந்த ஒரு வயதான தொழிலாளியை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தினார்கள். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் வருஷக்கணக்காக நின்று கால் விரல்கள் எல்லாம் வெந்து போயிருந்த மனிதர் அவர்.

ஒரு வாரம் கழித்து, புகார் வந்த ஒரு கடைக்கு நானே போனேன். வாசலில் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் 12 பாட்டில். திறந்து முகர்ந்துகொண்டே வந்தேன். அடுக்கின் மேற்குப் பக்கத்துப் பாட்டில்கள் நாறின. கிழக்குப் பக்கம், சுவரை ஒட்டி இருந்தவை நாறவில்லை. நடுவில் தற்செயலாகக் கலந்திருந்த ஒன்றிரண்டு பழுப்பு பாட்டில்கள் மேற்கில் இருந்தும் நாறவில்லை. கழுவினவருக்குக் கிழக்கும் மேற்கும் எப்படித் தெரியும்? சாயங்கால வெயிலுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் நம் அட்டெண்டர் குரல் காதில் விழுந்தது: "ஜன்னல் கிட்ட வைக்காதே."

மறுநாள் ஆலை மொட்டை மாடியில், உச்சி வெயிலில், மூன்று பாட்டில்கள் வைத்தேன். ஒன்று பழுப்பு. ஒன்று பச்சை. மூன்றாவதும் பச்சைதான், ஆனால் கறுப்புத் துணி சுற்றியது. மூன்றிலும் ஒரே பீர். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, குளிரவைத்து, எது எது என்று சொல்லாமல் மூன்று பேரிடம் முகரக் கொடுத்தேன். துணி சுற்றாத பச்சை பாட்டிலை மூன்று பேரும் முகத்தைச் சுளித்துத் தள்ளினார்கள். மற்ற இரண்டையும் ஒன்றும் சொல்லவில்லை. மாணவர்கள் அந்தக் கறுப்புத் துணியைக் கவனிக்க வேண்டும். அது இல்லாவிட்டால், "சூட்டில் கெட்டிருக்கும்" என்று யாராவது சொல்லலாம். கறுப்புத் துணி சூட்டைக் குறைக்காது, கூட்டத்தான் செய்யும். வெளிச்சத்தை மட்டும்தான் தடுக்கும். ஆக, குற்றவாளி வெளிச்சம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பீருக்குக் கசப்புத் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்து லாஹூல் பள்ளத்தாக்கில் அது விளைகிறது. அதைக் கொதிக்கவைக்கும்போது ஐசோஹியூமுலோன் என்ற கசப்புப் பொருள்கள் உண்டாகின்றன. பீரில் ரைபோஃபிளேவினும் இருக்கிறது, அதாவது நம் பி2 வைட்டமின். இந்த ரைபோஃபிளேவின் நீல வெளிச்சத்தையும் புற ஊதாக் கதிரையும் வாங்கி, அந்தச் சக்தியை ஐசோஹியூமுலோனிடம் தள்ளிவிடுகிறது. அதிலிருந்து ஒரு துண்டு உடைகிறது. பீரில் இருக்கும் புரதங்களின் கந்தகத்தோடு அந்தத் துண்டு சேர்ந்தால், 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயோல் என்ற பொருள் பிறக்கிறது. அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி உண்டு. எதிரியைக் கண்டால் வாலைத் தூக்கி நாற்ற நீரைப் பீய்ச்சும். அந்த நீரில் இருக்கும் பொருள்களுக்கு இது பங்காளி முறை. ஒரு லிட்டரில், ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கி அதில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். என்னிடம் இருந்த கருவிகளில் எதுவும் காட்டாததில் ஆச்சரியமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், நீங்கள் காலையில் குடித்துவிட்டு வந்த டிகாக்‌ஷனிலும் இதே பொருள் துளியூண்டு உண்டு. வறுத்த காபிக்கொட்டையின் மணத்தில் அதற்கும் பங்கு இருக்கிறது. காபியில் மணம், பீரில் நாற்றம்.

வெயில் பட்டால் பீர் கெடும் என்று 1875இலேயே ஜெர்மனியில் லின்ட்னர் என்பவர் எழுதிவிட்டார். ஜப்பானில் குரோய்வா 1960களில் வேதியியல் காரணத்தை ஆராய்ந்தார். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்து மால்கம் ஃபோர்ப்ஸும் பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்து டெனிஸ் டி கோய்கெலெயரும் தத்தம் குழுக்களோடு சேர்ந்து, 2001இல் அந்த வழியைப் படிப்படியாக விளக்கினார்கள். நான் 1985இல் நூலகத்துக்கு ஒரு நடை போயிருந்தால், அந்த ரிப்போர்ட்டை எழுதியிருக்கவே மாட்டேன்.

இனி பாட்டில் நிறம். இரும்பு, கந்தகம், கரி இவை சேர்ந்து கண்ணாடிக்குப் பழுப்பு நிறம் தருகின்றன. அது நீல வெளிச்சத்தில் பெரும்பகுதியை உள்ளே விடாது. பச்சைக்குக் காரணம் குரோமியம். பார்வைக்கு அடர்த்தியாக இருந்தாலும் கெடுக்கிற வெளிச்சத்தில் நிறையப் பங்கை அது உள்ளே விட்டுவிடும். வெள்ளை பாட்டில் எதையும் தடுக்காது. நல்ல வெயிலில் சில நிமிடங்களே போதும். அப்படியானால் வெள்ளை பாட்டிலில் சில வெளிநாட்டு பீர்கள் எப்படி வருகின்றன என்று கேட்பீர்கள். அவற்றில் சிலவற்றில் ஹாப்ஸுக்குப் பதில், உடையாதபடி வேதியியல் முறையில் மாற்றிய ஹாப்ஸ் சாறு சேர்க்கிறார்கள். தகர டப்பாவுக்கு இந்தக் கவலையே இல்லை, உள்ளே முழு இருட்டு. ஆனால் பழுப்பு பாட்டிலும் டப்பாவும் சூட்டிலிருந்து காப்பாற்றாது. சூட்டிலும் காற்றிலும் கெட்ட பீரில் நனைந்த அட்டை வாடை வரும். இரண்டும் வேறு வேறு நோய்.

இரண்டாவது ரிப்போர்ட்டை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மானேஜர் படித்துவிட்டு, பச்சை பாட்டிலை நிறுத்தினார். அந்தப் பெரியவரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனால் நின்ற 11 நாள் கூலி அவருக்கு வரவில்லை. நான் அவரிடம் போய், "பெரியவரே, என் தப்புதான்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சார், பாட்டிலக் கழுவத் தெரியும் எனக்கு. வெயிலயும் நானே கழுவணும்னா எப்படி?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அந்தக் கூலியை என் சம்பளத்திலிருந்து கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார்.

பீர் நமக்கு எதற்கு என்று நினைக்கிறவர்களுக்கு வீட்டு விஷயம் ஒன்று. அதே ரைபோஃபிளேவின் பாலில் இன்னும் அதிகம். வெளிச்சம் பட்டால் பாலில் உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் சிதைந்து, முட்டைக்கோஸ் வெந்த மாதிரி ஒரு வாடை வரும். ரைபோஃபிளேவினும் குறைந்துபோகும். நம் சின்ன வயதில் பால் கண்ணாடி பாட்டிலில், அலுமினியத் தாள் மூடியோடு வந்தது. இப்போது உறையில் வருகிறது. விடியற்காலை 5 மணிக்கு பூத்தில் வாங்கினால் பிரச்சினை இல்லை. 9 மணிக்கு லஸ்ஸிலோ அடையாற்றிலோ, கடை வாசலில் வெயிலில் டப்பில் கிடக்கிற பாக்கெட்டை வாங்கி, காபி சரியில்லை என்றால், உடனே பால் கம்பெனியையும் மாட்டையும் திட்டாதீர்கள். கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டியில் இராப்பகலாக எரிகிற வெள்ளை எல்.இ.டி. விளக்கிலும் நீல வெளிச்சம் தாராளமாக உண்டு. பின்வரிசை பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, கண்ணாடி மாதிரி டப்பாவில் போட்டு, ஜன்னலோரம் வைக்கிறோம். இரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபின் போன்ற சில மருந்துகளுக்கு வெளிச்சம் ஆகாது. அவற்றை அட்டையிலேயே விட்டுவையுங்கள். பழுப்பு பாட்டில் சிரப்பை வெள்ளை பாட்டிலுக்கு மாற்றாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதே மொட்டை மாடியில் செய்து பாருங்கள். மூன்று கண்ணாடி டம்ளரில் பாக்கெட் பால். ஒன்றுக்குப் பழுப்புக் கண்ணாடிக் காகிதம், ஒன்றுக்குக் கறுப்புத் துணி, ஒன்று வெறுமே. சூடு ஏறாமல் ஐஸ் தண்ணீர்த் தட்டில் வைத்து, ஒரு மணி நேரம் வெயில் காட்டுங்கள். பிறகு எது எது என்று தெரியாதவர்களிடம் கொடுங்கள். என்ன வந்ததோ அதை எழுதுங்கள்.

நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போய் ரிப்போர்ட் எழுதுவீர்கள். காரணம் கிடைக்காத நாளில், "காரணம் தெரியவில்லை, இன்னும் ஒரு வாரம் தேவை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மேலிடத்தில் திட்டு விழும், விழட்டும். சரக்கு உங்கள் கையை விட்டுப் போன பிறகு எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, எந்தத் திசையில் நின்றது என்று போய்ப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் ஒரு மனிதர் பெயரை எழுதுங்கள்.

நம் அட்டெண்டர் இன்று இல்லை. அவர் சொன்ன ஒரு வரியைத்தான் இவ்வளவு நேரம் நீட்டிச் சொல்லியிருக்கிறேன்.